ரெஸ்ட் என்ன விலை?

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட்.

உங்க வீட்டுல யாருக்கோ வயித்துல பெரிய ஆபரேஷன் நடக்குதுனு வெச்சுக்கோங்க. (அப்படி எதுவும் ஆக வேணாம்... சும்மா ஒரு பேச்சுக்கு!) டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டர் ஒரு சீட்டு கொடுக்கறார். அதுல இப்படி எழுதியிருக்கு:

'மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடவும். சத்தான உணவு அவசியம். ஒரு வாரம் கழித்துப் புண்ணைக் காட்ட வரவும். பீடி, சிகரெட், மது கூடாது. மூன்று மாதம் எடை தூக்கக் கூடாது. நன்றாக ரெஸ்ட் எடுக்கவும்.'

கேள்வி இதுதான். இந்த லிஸ்ட்டுல ரொம்ப காஸ்ட்லியான ஐட்டம் எது?

மாத்திரைனு சொன்னீங்களா? இல்லை, சத்தான சாப்பாடா? ரெண்டும் தப்பு. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். கரெக்ட் ஆன்ஸரை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புரொஃபசரும் இல்லை. மார்க்கெட்டுல மூட்டை தூக்கற ஒரு அண்ணனோட சம்சாரம்!

இருங்க, அதுக்கு முன்னாடி என்னைப் பத்தி ரெண்டு வரி. எம்.பி.பி.எஸ். முடிச்சு, தெற்கே ஒரு அரசு ஆஸ்பத்திரியில சர்ஜரி பி.ஜி. படிக்கறேன். கூடப் படிச்ச ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கல்யாணம், குழந்தைனு செட்டில் ஆகிட்டாங்க. என் ஐ.டி. கார்டுல மட்டும் இன்னும் 'ஸ்டூடன்ட்'! ராத்திரி டியூட்டி, காலையில ரவுண்ட்ஸ், நடுவுல டிரெஸ்ஸிங், ஸ்கேன் ரிப்போர்ட் பின்னாடி ஓட்டம், டிஸ்சார்ஜ் சீட்டு... இதுதான் என் உலகம்.

பலகை மாதிரி ஒரு வயிறு

முதல் வருஷம் நடந்தது இது. ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணி. ஆட்டோவுல ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். தோள் ரெண்டும் இரும்பு மாதிரி இருக்கு. ஆனா, வயித்துல கை வெச்சா துள்ளறார். வயிறு பலகை மாதிரி இறுகிப் போயிருக்கு.

எக்ஸ்ரே எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. குடல்புண் ஓட்டை ஆகியிருக்கு.

"எப்பண்ணே வலி ஆரம்பிச்சுது?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி தாயி..."

"ரெண்டு நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"சனிக்கிழமை பட்டுவாடா. அன்னைக்குப் போகலைன்னா வாரக் கூலி நின்னுபோகும்."

இரைப்பையில இருக்கற ஆசிடும் சாப்பாடும் அந்த ஓட்டை வழியா வயித்துக்குள்ள கொட்டும். ஆரம்பத்துல அது ஆசிட் பட்ட எரிச்சல். மணிக்கணக்கு ஏற ஏற, கிருமி சேர்ந்து சீழாகும். ஆறு மணி நேரத்துல வர்றவருக்கும் ரெண்டு நாள் கழிச்சு வர்றவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அண்ணன் சீழோடதான் வந்தார்.

சரி, புண் ஏன் வந்துச்சு? இதுல முக்கியமான வில்லன் 'ஹெலிகோபாக்டர் பைலோரி'ங்கற கிருமி. பேரி மார்ஷல்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர், 'இந்தக் கிருமிதான் காரணம்'னு சொன்னப்போ யாரும் நம்பலை. மனுஷன் 1984-ல அந்தக் கிருமியை வளர்த்து, தானே குடிச்சுக் காட்டினார்! 2005-ல அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைச்சது. ஒரே ரூம்ல பத்துப் பேர் நெருக்கியடிச்சு வாழற இடத்துல இந்தக் கிருமி ஈஸியா பரவும்.

ரெண்டாவது வில்லன், வலி மாத்திரை. தினமும் அம்பது கிலோ மூட்டையை முதுகுல ஏத்தினா வலிக்காம என்ன செய்யும்? மெடிக்கல் ஷாப்புல நாலு மாத்திரையைச் சேர்த்து மடிச்சுக் கொடுப்பாங்களே, 'செட்டு'... அதைத்தான் அண்ணன் வெறும் வயித்துல டீயோட முழுங்கியிருக்கார். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை. வருஷக்கணக்கா! வலி மாத்திரை வலியை மட்டும் குறைக்காது. இரைப்பையோட உள்சுவருக்கு இருக்கற பாதுகாப்பையும் சேர்த்துக் குறைச்சுடும். மூணாவது வில்லன், பீடி.

பாருங்க... நான் கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடியே வீடு, வேலை, கூலி எல்லாம் சேர்ந்து அந்த வயித்துல பாதி வேலையை முடிச்சிருக்கு!

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஆனா, தையல்ல சீழ் பிடிச்சு, பதினாறு நாள் வார்டுல இருந்தார். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு எழுதினது நான்தான். மேல படிச்சீங்களே, அதே அட்வைஸ். 'மூணு மாசம் வெயிட் தூக்கவே கூடாது, சரியாண்ணே?'னு அழுத்திச் சொன்னேன். சீட்டை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, லேசா சிரிச்சார். அந்தச் சிரிப்புக்கு அப்போ எனக்கு அர்த்தம் தெரியலை.

நான் திட்டிய நாள்

அஞ்சு மாசம் கழிச்சு ஓ.பி.யில திரும்பவும் அவர். சட்டையைத் தூக்கினார். தழும்பு மேலேயே ஆரஞ்சுப் பழம் சைஸுக்கு ஒரு வீக்கம். இருமினா பெரிசாகுது. படுத்தா உள்ளே போகுது. உள்ளே போட்ட தையல் விட்டு, குடல் வெளியே தள்ளற குடலிறக்கம்.

எனக்கு வந்ததே கோபம்!

"படிச்சுப் படிச்சு சொன்னேனே! எத்தனை நாள்ல வேலைக்குப் போனீங்க?"

"வீட்டுக்குப் போன பதினெட்டாம் நாள் தாயி."

"உங்க உடம்பு மேல உங்களுக்கே அக்கறை இல்லைன்னா நாங்க என்ன பண்றது? மறுபடி ஆபரேஷன் பண்ணணும், தெரியுமா?"

ஓ.பி. முழுக்கக் கேட்கற மாதிரி கத்தினேன். ஃப்ரெண்ட்ஸ், அவருக்கு என் அப்பா வயசு இருக்கும். தலையைக் குனிஞ்சு நின்னார். ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை. பக்கத்துல நின்ன அவர் சம்சாரம்தான் மெதுவா சொன்னாங்க.

"கோச்சுக்காதீங்க டாக்டரம்மா. ஆபரேஷனைச் சும்மா பண்ணீங்க. மாத்திரையைச் சும்மா கொடுத்தீங்க. பாலும் முட்டையும்கூட வார்டுல கொடுத்தீங்க. அந்த மூணு மாசத்தை மட்டும் நாங்கதானே காசு கொடுத்து வாங்கணும்?"

அவ்வளவுதான். எனக்கு வாய் அடைச்சுப்போச்சு.

டெஸ்ட்டுக்கு ஆன்ஸர் கிடைச்சுதா? ரொம்ப காஸ்ட்லியான ஐட்டம்... ரெஸ்ட்!

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு நாள் கூலி 800 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 90 நாள்ல 13 ஞாயிறு போக மீதி 77 நாள். மொத்தம் 61,600 ரூபாய். நான் பேனாவை எடுத்து, ரெண்டே வார்த்தையில அறுபதாயிரம் ரூபாய்க்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்கேன். எந்த மெடிக்கல் ஷாப்புலயும் கிடைக்காத மருந்து. 'ஏன் வாங்கிச் சாப்பிடலை?'னு அவரைத் திட்டவும் செஞ்சிருக்கேன்!

அன்னைக்கு என் கத்தலைக் கேட்ட சீஃப், மறுநாள் ரவுண்ட்ஸ்ல என்னைப் பிடிச்சுக்கிட்டார். அட்மிட் ஆகியிருந்த அண்ணனோட கேஸை சொல்லச் சொன்னார். ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியாட்டினின் எல்லாத்தையும் மடமடனு ஒப்பிச்சேன்.

"என்ன வேலை பார்க்கறார்?"

"கூலி சார்."

"என்ன கூலி? எத்தனை கிலோ தூக்கறார்? வீட்டுல வேற யார் சம்பாதிக்கறா?"

"....."

"அவர் எங்க போறார்னே தெரியாம எப்படிம்மா டிஸ்சார்ஜ் எழுதின?"

பரீட்சையில பெயில் ஆனப்போகூட அப்படி வலிச்சதில்லை.

தியேட்டருக்கு வெளியே

'இது ஒருத்தரோட கதைதானே'னு நினைக்காதீங்க. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைச்ச உலகக் குழு ஒண்ணு 2015-ல ஒரு அறிக்கை கொடுத்துச்சு. உலகத்துல 500 கோடிப் பேருக்கு, பாதுகாப்பான, கட்டுப்படியாகிற விலையில, தேவைப்படற நேரத்துல ஆபரேஷன் கிடைக்கறதில்லை. வருஷத்துக்கு 3.3 கோடிப் பேர் ஆபரேஷன் செலவாலயே பொருளாதாரத்துல நொடிச்சுப் போறாங்க. இது ஆஸ்பத்திரி பில் மட்டும்தான். பஸ், சாப்பாடு மாதிரி மத்த செலவுகளால நொடிச்சுப் போறவங்க இன்னும் 4.8 கோடிப் பேர். வெளிச் செலவுதான் பெருசு!

இன்னொரு ஆய்வு 2018-ல வந்துச்சு. 66 நாடுகள், 343 ஆஸ்பத்திரிகள், 12,539 பேஷன்ட்கள். வயிறு, குடல் ஆபரேஷன் ஆன 30 நாளுக்குள்ள எத்தனை பேருக்கு அந்த இடத்துல சீழ் பிடிச்சுதுனு பார்த்தாங்க. வசதியான நாடுகள்ல 9.4 சதவிகிதம். நடுத்தர நாடுகள்ல 14. ஏழை நாடுகள்ல 23.2. பேஷன்ட்டோட நோய், ஆபரேஷனோட தன்மை இதையெல்லாம் கழிச்சுப் பார்த்தப்பவும் ஏழை நாட்டுக்காரங்களுக்கு ஆபத்து அதிகமாத்தான் இருந்துச்சு. குடல் எல்லாருக்கும் ஒண்ணுதான். அது எந்த ஊர்ல, யாரோட வயித்துல இருக்குங்கறதுதான் வித்தியாசம்.

அன்னைக்கு அப்புறம் வார்டை நான் பார்த்த பார்வையே மாறிப்போச்சு. ரெண்டே பேரைச் சொல்றேன்.

ஒருத்தங்க, ஓட்டல்ல பாத்திரம் கழுவற அம்மா. சர்க்கரை நோய். கால் விரல்ல புண் வந்து, புரையோடி, ஒரு விரலை எடுத்தோம். டிஸ்சார்ஜ் அட்வைஸ்? 'காலில் ஈரம் படக் கூடாது. அதிக நேரம் நிற்கக் கூடாது. அரிசியைக் குறைத்து, காய்கறி, முட்டை, பருப்பு அதிகம் சேர்க்கவும்.' ஆனா, அவங்க வேலையே ஈரத்துல நிக்கறதுதான்! தமிழ்நாட்டுல 2011-ல இருந்து ரேஷன் அரிசி இலவசம். பல வீடுகள்ல பசியைத் தள்ளி வெச்சதே அதுதான். முட்டையும் காய்கறியும் அப்படிச் சும்மா வராதே? தட்டுல எது சீப்போ அதுதான் அதிகமா இருக்கும். கரெக்ட்தானே?

இன்னொருத்தி, 19 வயசுப் பொண்ணு. உங்க வயசுதான். ஜவுளிக் கடையில சேல்ஸ் கேர்ள். வயித்து வலியை மூணு நாள் மறைச்சிருக்கா. பண்டிகை சீசன்ல ஒரு நாள் லீவு போட்டா ரெண்டு நாள் சம்பளம் கட். கடைசியில குடல்வால் வெடிச்சுப்போய் வந்தா. முதல் நாளே வந்திருந்தா ரெண்டு, மூணு நாள்ல வீட்டுக்குப் போயிருப்பா. பன்னிரண்டு நாள் இருந்தா. "வேலை இருக்குமா மேடம்?" மயக்கம் தெளிஞ்சதும் அவ கேட்ட முதல் கேள்வி இதுதான்.

ரெஸ்ட்டுக்கு சம்பளம்

ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம ஊர்ல எதுவுமே இல்லைனு புலம்பறதும் தப்பு. 2008-ல 108 ஆம்புலன்ஸ் வந்துச்சு. 2009-ல குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வரைக்கும் 'கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' வந்துச்சு. அதோட தொடர்ச்சியா வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை 2022-ல புதுப்பிச்சப்போ, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கற குடும்பங்களுக்கு 5 லட்சம் வரைக்கும்னு ஆச்சு. சுகர், பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வர்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல ஆரம்பிச்சுது. பல மாநிலத்து ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா கண்ணை விரிக்கறாங்க!

ஆனா, காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் கூட வரும். அதுக்கு அப்புறம்?

ஒரு கம்பெனியில இ.எஸ்.ஐ. பிடிக்கற தொழிலாளிக்கு, உடம்பு சரியில்லாத நாட்களுக்கு சம்பளத்துல 70 சதவிகிதம் வரைக்கும் கிடைக்க வழி இருக்கு. வருஷத்துக்கு 91 நாள். 1948-ல வந்த சட்டம் அது. 'ரெஸ்ட்டும் ஒரு மருந்து, அதுக்கும் காசு வேணும்'னு அப்பவே யாரோ யோசிச்சிருக்காங்க! மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவர், ஓட்டல்ல பாத்திரம் கழுவறவங்க... இவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த வளையத்துக்குள்ளேயே வர்றதில்லை.

வெளியே இருக்கறவங்களுக்கு இதெல்லாம் நடக்கற காரியமானு கேட்கறீங்களா? நம்ம மாநிலமே செஞ்சு காட்டியிருக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருக்கற மகப்பேறு நிதியுதவித் திட்டம் தெரியுமா? கர்ப்பிணிகளுக்கு சத்தான சாப்பாட்டுக்கும், வேலைக்குப் போக முடியாம இழக்கற வருமானத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். 2018-ல அது 18,000 ரூபாய் ஆச்சு. பிரசவத்துக்கு ரெஸ்ட் வேணும்னு புரிஞ்சுக்கிட்ட நாம, வயித்தைக் கிழிச்சுத் தைச்சவருக்கும் வேணும்னு புரிஞ்சுக்க முடியாதா என்ன?

ரெண்டாவது ரவுண்டு

அண்ணன் கதைக்கு வருவோம். இந்த முறை அவசரப்படலை. ஆபரேஷனுக்கு முன்னாடியே உட்கார்ந்து பேசினோம். நான், அவர், அவர் சம்சாரம், ஆஸ்பத்திரியில இருக்கற சமூகப் பணியாளர் அக்கா.

"எப்ப பண்ணா வசதிண்ணே?"

இந்தக் கேள்வியை அவர்கிட்ட யாரும் கேட்டதே இல்லை போல. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பொங்கலுக்கு லோடு நிறைய வரும். அது முடிஞ்சா கையில கொஞ்சம் காசு நிக்கும் தாயி."

குடல் சிக்கிக்கற அறிகுறி எதுவும் இல்லாததால தள்ளிப்போட முடிஞ்சது. வயித்துக்கு பெல்ட் போடச் சொன்னோம். திடீர்னு வலி, வாந்தி, வீக்கம் உள்ளே போகாம கல்லு மாதிரி ஆகறதுனு எது நடந்தாலும் பட்டுவாடாவைப் பார்க்காம ஓடி வரணும்னு சத்தியம் வாங்கினேன். கிருமிக்கு மருந்து கொடுத்தோம். 'செட்டு' மாத்திரைக்கு நிரந்தரமா டாட்டா! பீடியை விட்டுட்டு வரச் சொன்னோம். ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னாடியே புகையை விட்டா சிக்கல் குறையும்னு உலக சுகாதார நிறுவனமே 2020-ல சொல்லியிருக்கு. விட்டாரானு கேட்கறீங்களா? 'ரெண்டு பீடி ஆக்கிட்டேன்'னு வந்து நின்னார். அப்புறம் அதையும் விட்டார்.

மார்க்கெட்ல அவர் கூட்டாளிங்க ஒரு ஏற்பாடு பண்ணாங்க. மூணு மாசத்துக்கு அண்ணன் மூட்டை தூக்க வேணாம். லாரி வந்தா மூட்டையை எண்ணி நோட்டுல எழுதணும். கூலி பாதிதான். ஆனா, பாதிங்கறது பூஜ்யம் இல்லையே!

தை மாசக் கடைசியில வலை வெச்சு ஆபரேஷன் பண்ணோம். தையல் காட்ட வந்தார். ஒரு மாசத்துல வந்தார். மூணாம் மாசமும் வந்தார். தழும்பு சும்மா கிண்ணுனு இருக்கு! அன்னைக்குத்தான், ஓ.பி.யில எல்லார் முன்னாடியும், "அன்னைக்குத் திட்டினதுக்கு ஸாரிண்ணே"னு சொன்னேன். "அட, என் மகளும்தான் திட்டுவா தாயி"னு சிரிச்சார். இந்தச் சிரிப்புக்கு எனக்கு அர்த்தம் தெரியும்.

எல்லாக் கதையும் இப்படி முடியலை. பாத்திரம் கழுவற அம்மா, புண்ணைக் காட்ட ஒரே ஒரு முறை வந்தாங்க. அப்புறம் வரலை. குணமாகி வரலையா, ஒரு நாள் கூலி போகும்னு வரலையா... எனக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டுல இருந்த நம்பருக்கு போன் பண்ணிப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

நீங்க என்ன செய்யலாம்?

'டாக்டருக்குப் படிக்கறவங்க மேட்டர் இது, நமக்கென்ன?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ்!

உங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, ஹாஸ்டல் மெஸ் அண்ணன், காலேஜ் வாட்ச்மேன் தாத்தா... இவங்க வீட்டுல காப்பீட்டு அட்டை இருக்கானு கேளுங்க. இல்லைன்னா ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கறதுக்கு உங்களுக்கு அரை மணி நேரம் போதும். ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டுப் போறதுக்குப் பதிலா, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குத் துணைக்குப் போங்க. தினமும் வலி மாத்திரை போடற அப்பா, அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு நீங்க ஒரு கடையோ கம்பெனியோ நடத்தறப்போ, ஆபரேஷன் ஆனவருக்கு உட்கார்ந்து பார்க்கற வேலை ஒண்ணு கொடுங்க. அது தானம் இல்லை, வைத்தியம்!

டாக்டருக்குப் படிக்கற தம்பி, தங்கச்சிங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இப்போ டிஸ்சார்ஜ் சீட்டு எழுதறதுக்கு முன்னாடி நான் நாலு கேள்வி கேட்கறேன். என்ன வேலை பார்க்கறீங்க? எத்தனை நாள் வேலைக்குப் போகாம இருக்க முடியும்? வீட்டுல யார் பார்த்துக்குவாங்க? திரும்ப வர பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்? மொத்தம் ரெண்டே நிமிஷம். சில சமயம் பதிலைக் கேட்டு, நான் எழுத நினைச்ச அட்வைஸையே மாத்தியிருக்கேன்.

'ரெஸ்ட் எடுங்க'னு இப்பவும் எழுதறேன். எழுதிட்டு, 'எடுக்க முடியுமாண்ணே?'னு ஒரு வார்த்தை கேட்கறேன்.